தூண்டுசொல்லாக ஒரு பெயர்: அரமகளிர் வழக்காறும் அக்டோபர் மாத ஓவியங்களும்

அக்டோபர் நெருங்குகிறது. எங்கள் பல்கலைக்கழக மாணவர் கலைவட்டத்திலிருந்து இவ்வாண்டும் அழைப்பு வந்துவிட்டது. மாதம் முழுவதற்கும், நாளுக்கொன்றாக, 31 தூண்டுசொற்கள் வேண்டுமாம். பொருள் சென்ற ஆண்டினதே: மலையிலும் நீர்நிலையிலும் காட்டிலும் உறைவதாக மக்கள் நம்பும் அரமகளிர். சென்ற ஆண்டுப் பட்டியலைத் தயாரித்ததும் நானே. அது நன்கு வரவேற்கப்பட்டது. வரவேற்கப்பட்ட அப்பட்டியலில் நான் செய்த பிழையொன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாட்டார் வழக்காற்றிலிருந்து இத்தகைய பட்டியல்களை எவ்வாறு தயாரிக்க வேண்டும் என்பது குறித்த என் கருத்தையும் ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கும் இந்த இடத்தில் முன்வைக்க விரும்புகிறேன்.

இம்மாத வழக்கத்தின் வரலாறு சுருக்கமானது. 2009ஆம் ஆண்டில் ஜேக் பார்க்கர் என்னும் அமெரிக்க ஓவியர், தம் மைக்கோட்டுத் திறனை வளர்த்துக்கொள்ள, அக்டோபர் மாதம் முழுவதும் நாளொன்றுக்கு ஓர் ஓவியம் வரைவது என்று தொடங்கினார். 'இங்க்டோபர்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. பின்னர் ஒவ்வொரு மாதத்திற்கும் ஒவ்வொரு பொருள் என்று பல பட்டியல்கள் கிளைத்தன. அவற்றுள் வழக்காற்று உயிர்களின் பட்டியல்களுக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. காரணம் எளிது. நாற்காலி, குடை போன்ற சொற்களைக் காட்டிலும் ஒரு மோகினியின் பெயர் கையை விரைவில் இயக்குகிறது. வெற்றுத்தாளைக் கண்டு தயங்கும் மாணவருக்கு இப்பட்டியல்கள் பெரும் துணை. அதை நான் மறுக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வட்டத்தில், பள்ளிப் பருவத்திற்குப் பின் தூரிகையையே தொடாத மாணவர்கள்கூட வரைந்தார்கள்.

முதலில் சொல்லாட்சி பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'ஃபேரி' என்று வழங்குவதைத் தமிழில் 'தேவதை' என்கிறோம். அச்சொல்லிலேயே இறகும் மந்திரக்கோலும் வரங்கொடுக்கும் புன்னகையும் ஏறிவிடுகின்றன. ஆனால் சங்க இலக்கியம் சூரரமகளிர் என்றும் வரையரமகளிர் என்றும் நீரரமகளிர் என்றும் தனித்தனியே பெயரிட்டது. ஒவ்வொரு பெயரிலும் ஓர் இடமோ ஓர் உணர்வோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சூர்' என்றாலே அச்சமும் வருத்தமும்தான். வரையரமகளிரை மலையிலிருந்து பிரித்தால் அப்பெயரே பொருளற்றுப்போகும். ஆகவே இக்கட்டுரையில் 'அரமகளிர்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். சென்ற ஆண்டுப் பட்டியலில் பன்னிரண்டாம் நாளுக்கு நான் இட்ட சொல் 'ஆச்சரி'. கர்வால் மலைநாட்டு வழக்காற்றில் உயர்ந்த முகடுகளிலும் புல்வெளிகளிலும் திரிவதாகச் சொல்லப்படும் பெண்ணுருக்கள் அவர்கள். பட்டியலில் அச்சொல்லுக்கு அருகே 'மலை அழகியர்' என்று ஒரு குறிப்பையும் நானே எழுதினேன். அன்று வந்த ஓவியங்கள் அழகாகவே இருந்தன. பனிமுகட்டின் மேல் ஒளிரும் சிறகுகள், காற்றில் பறக்கும் கூந்தல், நீலமும் வெள்ளியும் கலந்த வண்ணங்கள். பதினொன்றாம் நாள்வரை ஒரு நாளும் தவறாமல் வரைந்துவந்த முதுகலை மாணவி ஒருவர் அன்று வரையவில்லை. பதின்மூன்றாம் நாளும் வரையவில்லை. அதன் பிறகு அவர் பங்கேற்கவே இல்லை. தேர்வுச் சுமை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மாதங்களுக்குப் பின், நூலக வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். அவர் கர்வாலைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையின் தங்கை பன்னிரண்டு வயதில், புல் அறுக்கச் சென்ற இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். அக்குழந்தை ஆச்சரிகளோடு சேர்ந்துவிட்டாள் என்பது அவருடைய பாட்டியின் நம்பிக்கை. ஆண்டுக்கொரு முறை வளையலும் சீப்பும் நாடாவும் வாங்கி, ஊருக்கு மேலே உள்ள ஓரிடத்தில் பாட்டி வைத்துவிட்டு வருவாராம். வீட்டில் அப்பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. "நீங்கள் தவறாக ஏதும் எழுதவில்லை. எல்லாரும் அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். எனக்குத்தான் எதை வரைவது என்று தெரியவில்லை" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது என்னை அதிகம் வருத்தியது.

இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை. அதுதான் என் பிழையின் கனம். எட்வின் அட்கின்சன் தொகுத்து 1880களில் வெளிவந்த இமயமலை மாவட்டங்களின் கெசட்டியர், ஆச்சரிகளைச் சிறுமியரின் ஆவிகள் என்றே குறிக்கிறது. அவர்கள் மலையுச்சியில் வாழ்வதும் இரவில் இறங்கிவருவதும் சிவப்பு ஆடை உடுத்தியவர் மீது சினங்கொள்வதும் அதில் உண்டு. 'அப்சரஸ்' என்னும் வடசொல் பிராகிருதத்தில் 'அச்சரா' ஆயிற்று என்பதும் 'ஆச்சரி' அவ்வழி வந்தது என்பதும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் செய்திகள். இந்திரனின் அவையில் ஆடுபவளைக் குறித்த ஒரு சொல், மலையூர்களில் வாழ்ந்து முடிக்காத பெண்களைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. ஒரு சமூகம் தன் இழப்புக்கு ஒரு பெயர் தேடியதன் தடயம் அது. இவ்வளவும் அறிந்திருந்தும், பட்டியல் எழுதும்போது நான் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் புதிதாக ஒலித்தது. அது போதும் என்று தோன்றியது.

ஆச்சரிகளைப் பற்றிக் கர்வாலில் மிகுதியும் பாடப்படும் கதை ஜீத்து பக்ட்வாலுடையது. அவன் குழலிசையில் வல்லவன். நாற்று நடவின் பொருட்டு, மணமாகிச் சென்ற உடன்பிறந்தவளை அழைத்துவரப் புறப்படுகிறான். வழியில் மலைக்காட்டில் குழலூதுகிறான். ஆச்சரிகள் மயங்கிச் சூழ்ந்துகொள்கின்றனர். அவனை விட மறுக்கின்றனர். நடவு முடியட்டும், அதன்பின் உங்களுடையவன் என்று வாக்களித்து அவன் ஊர் திரும்புகிறான். ஆஷாட மாதத்து நடவு நாளில், உழுதுகொண்டிருக்கும் வயலிலேயே, எருதுகளோடு மறைந்துபோகிறான். இன்றும் அங்குள்ள ஊர்களில் இது பாடலாகவும் ஆட்டமாகவும் நிகழ்த்தப்படுகிறது. நாற்று நடும் காட்சி அதில் முக்கிய இடம் பெறுகிறது. இக்கதையில் ஆச்சரியின் தோற்றம் குறித்து மிகக் குறைவாகவே சொல்லப்படுகிறது. கதையைத் தாங்குவன வேறு: ஓர் இசை, ஒரு தடை, ஒரு வாக்கு, ஒரு வேளாண் நாள், பாதி நட்ட ஒரு வயல். என் பட்டியல் கேட்டதோ தோற்றத்தை மட்டும்.

இது கர்வாலுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. உலகெங்கும் இன்று வரையப்படும் 'ஃபேரி' உருவத்தின் மூலம் பிரித்தானிய, அயர்லாந்து வழக்காறுகள் என்பர். அந்த வழக்காறுகளிலோ அவர்களுக்குப் பெரும்பாலும் இறகு கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் நூல்களுக்குப் படம் வரைந்தவர்களும் நாடக மேடைகளும் சேர்ந்து ஒட்டவைத்தவை அச்சிறகுகள். ஊரார் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் அஞ்சி 'நல்லவர்கள்' என்றே சொல்லிவந்தனர். நோயுற்ற குழந்தையோ மனம் மாறிய பெண்ணோ உண்மையில் அவர்கள் மாற்றி வைத்துவிட்டுப்போன போலி உரு என்ற நம்பிக்கையும் அங்கே இருந்தது. 1895 மார்ச் மாதத்தில், டிப்பரேரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பிரிஜெட் கிளியரி என்னும் பெண் நோயுற்றிருந்தார். அவர் தம் மனைவியே அல்லர், மாற்றி வைக்கப்பட்டவர் என்று கூறி அவருடைய கணவர் அவரை எரித்துக் கொன்றார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. இன்று எந்த ஃபேரிப் பட்டியலை எடுத்தாலும் இந்த 'மாற்றுக் குழந்தை' ஒரு நாளுக்குரிய சொல்லாக இருக்கக் காணலாம். பெரிய கண்களும் கூரிய காதுமாக அது வரையப்படுகிறது. அச்சொல்லுக்குப் பின்னால் வேறுபட்ட குழந்தைகளும் நோயுற்ற பெண்களும் பட்ட துன்பம் இருக்கிறது என்பதை வரைபவர் அறிய வழியில்லை. பட்டியல் அதைச் சொல்வதில்லை.

சிறகே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். சிறகுக்கும் உரிய மரபு உண்டு. பாரசீக 'பரி' இதற்கு நல்ல சான்று. அவெஸ்தா மொழியில் 'பைரிகா' என்பது தீங்கு செய்யும் பெண்ணுருவின் பெயர். பிற்காலப் பாரசீகக் கவிதையில் அதுவே பேரழகின் பெயராயிற்று. உருது வழியாக இந்தியா முழுதும் பரவியது. லக்னோவில் 1850களில் ஆகா ஹசன் அமானத் எழுதிய 'இந்தர் சபா' நாடகத்தில், பச்சைப் பரி ஒரு மானுட இளவரசனைக் காதலித்து இந்திரனின் அவைக்குள் மறைவாக அழைத்துவருகிறாள். வெளிப்பட்டதும் அவளுடைய சிறகுகளைக் களைந்து துரத்திவிடுகிறார்கள். இங்கே சிறகு அலங்காரம் அன்று. அது இழக்கக்கூடிய ஒன்று. காதலுக்கு அவள் கொடுத்த விலை. 'சிறகு' என்று மட்டும் ஒரு நாளுக்கு எழுதிவைத்தால் அழகிய சிறகுகள் கிடைக்கும். 'சிறகு களையப்பட்டவள் முதன்முறையாக நடந்துசெல்லும் வழி' என்று எழுதிவைத்தால் பச்சைப் பரி கிடைப்பாள்.

என் கருத்துக்கு எதிராக இரண்டு வாதங்களை நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் மதிக்கத்தக்கவை.

முதலாவது, இது கைப்பயிற்சி. இனவரைவியல் ஆய்வு அன்று. மாணவரின் மகிழ்ச்சியில் ஆய்வாளர் ஏன் நுழைய வேண்டும் என்பது. கைப்பயிற்சி மட்டுமே நோக்கமென்றால் குடையும் நாற்காலியும் போதுமே. வழக்காற்றை நாம் தேடிப் போவதே அதில் அச்சமும் ஆசையும் செறிந்திருப்பதால்தான். அச்செறிவைப் பயன்படுத்திக்கொண்டு, அதை உண்டாக்கியவற்றை மட்டும் விலக்கிவிடுவது பொருந்தாது. மேலும் இது மகிழ்ச்சியைக் குறைக்கும் என்பதும் என் அனுபவத்தில் உண்மையன்று. வெறும் பெயரைத் தந்தால் முப்பது பேரும் கைப்பேசியில் ஒரே படத்தைத் தேடி ஒரே போல வரைகிறார்கள். ஒரு சூழலைத் தந்தால் முப்பது ஓவியங்கள் வருகின்றன.

இரண்டாவது, வழக்காறு மாறிக்கொண்டே இருப்பது; அப்சரஸ் ஆச்சரியானது போல ஆச்சரி இன்று சிறகு பெற்றவளாகட்டுமே என்பது. இது வலுவான வாதம். மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அப்சரஸை ஆச்சரியாக மாற்றியவர்கள் அம்மலைச் சரிவுகளில் தம் மகள்களை இழந்தவர்கள். தங்களுக்குத் தேவைப்பட்ட ஒன்றுக்காக அவர்கள் மாற்றினார்கள். பட்டியலில் நிகழும் மாற்றத்திற்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. பட்டியலில் இடம் நிரம்ப வேண்டும் என்பதே அங்குள்ள ஒரே தேவை. மாற்றுவதற்கு முன் எதை மாற்றுகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இக்கவலை புதியதும் அன்று. 1907ஆம் ஆண்டில் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 'டாகுர்மார் ஜூலி' என்னும் வங்காளப் பாட்டி கதைத் தொகுப்பை வெளியிட்டபோது, தாகூர் அதற்கு முன்னுரை எழுதினார். சுதேசி இயக்கம் எழுந்திருந்த காலம் அது. துணியைப் போலவே பாட்டியின் கதைப்பையும் இங்கிலாந்து ஆலைகளிலிருந்து வரத் தொடங்கிவிட்டதே என்ற வருத்தம் அம்முன்னுரையில் தொனிக்கிறது. இன்று நம்முடைய பெயர்களே வெளியே சென்று, ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, நமக்கே திரும்பி வருகின்றன. இந்த முறை ஆலைக்குச் சரக்கை அனுப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால் பிறரைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை.

எனில் வழி என்ன? நல்ல முன்னுதாரணம் ஒன்று அயர்லாந்திலேயே இருக்கிறது. 1935இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தியது. சீன் ஓ சூலவான் தயாரித்த கையேட்டில் 55 தலைப்புகள் இருந்தன. புதையல் கதைகள், வானிலைக் குறிகள், கைவினைகள், அரமகளிர் உறையும் பழைய மண்கோட்டைகள் என்று பல. ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 மாணவர்கள் பங்கேற்றனர். கட்டுரை வகுப்பில் ஒவ்வொரு தலைப்பாக எடுத்துக்கொண்டு, வீட்டிலும் அண்டையிலும் உள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதினர். சொன்னவர் யார் என்பதையும் பலர் குறித்துவைத்தனர். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு தூண்டுசொற் பட்டியல்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நம் பட்டியல் மாணவரைத் தனியே தாளின் முன் உட்காரவைக்கிறது. அப்பட்டியல் அவரை எழுப்பி, பாட்டியிடம் அனுப்பியது.

இதை வைத்து இவ்வாண்டுப் பட்டியலுக்கு நான் வகுத்துக்கொண்ட முறை இது.

முதலாவது, பெயருக்குப் பதிலாக அப்பெயரோடு வாழும் விதியை எழுதுவது. வங்காளத்து 'நிஷி' இரவில் நமக்கு வேண்டியவரின் குரலில் அழைக்கும்; ஆனால் இருமுறைக்கு மேல் அழைக்காது; ஆகவே மூன்றாம் அழைப்பு வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பர். இதிலிருந்து கிடைக்கும் தூண்டுசொல்: 'இரண்டாம் அழைப்புக்கும் மூன்றாம் அழைப்புக்கும் இடையே, தாழ்ப்பாளின் மேல் ஒரு கை.'

இரண்டாவது, இடத்தையும் பொழுதையும் சேர்த்தே தருவது. 'பாதி நட்ட வயல்; ஏர் இருந்த இடத்தில் நீர் சுழிக்கிறது.' 'மேய்ச்சல் வெளி தொடங்கும் இடத்தில், சிவப்புச் சால்வையை மடித்துப் பைக்குள் வைக்கும் பயணி.' 1999இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் புதிய சாலைக்காக ஒற்றை முள்மரம் ஒன்று வெட்டப்பட இருந்தது. அது அரமகளிர் கூடும் மரம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் எச்சரித்துப் போராட, மரம் காக்கப்பட்டது. அதிலிருந்து ஒன்று: 'ஒரு மரத்திற்காக ஒதுங்கிச் செல்லும் சாலை.'

மூன்றாவது, வாரத்தில் ஒரு நாளைக் கேட்கும் நாளாக வைப்பது. அன்று சொல் தரப்படாது. ஒரு வினா தரப்படும். 'உங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் குறிப்பிடப்படுவது எது? அதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள்?' விடுதியில் இருப்பவர் தொலைபேசியில் கேட்கலாம். ஓவியத்தின் கீழே, சொன்னவர் இசைந்தால் மட்டும், சொன்னவரின் உறவுமுறையைக் குறிக்கலாம். இசையாவிடில் அவர் சொன்னதை வரையாமலும் இருக்கலாம். கேட்டது போதும்.

நான்காவது, ஒரு பெயர் யாரோ சிலருக்கு இன்னும் இறந்தவரின் பெயராக இருக்கிறதென்றால், அவர்களிடம் கேட்காமல் அதைப் பட்டியலில் சேர்க்காதிருப்பது. வகுப்பில் அந்நிலத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவராவது இருப்பார். அவரைத் தகவலாளியாக்கித் துன்புறுத்த வேண்டியதில்லை. பட்டியலை வெளியிடும் முன் ஒருமுறை காட்டினால் போதும். சென்ற ஆண்டு நான் செய்யத் தவறியது இந்த ஐந்து நிமிட வேலையைத்தான்.

இவ்வாண்டு வரைவை அம்மாணவியிடம் காட்டினேன். சில நாள் கழித்துத் திருப்பித் தந்தார். ஏனையவற்றில் அவர் கைவைக்கவில்லை. வெறுமையாக விட்டிருந்த பன்னிரண்டாம் நாளுக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்தார்: 'சந்தையில் வளையல் தேர்ந்தெடுக்கும் ஒரு பாட்டி. யாருக்கு என்று கடைக்காரர் கேட்கிறார்.' ஆச்சரி என்ற சொல் அதில் இல்லை. சிறகும் இல்லை. அதைப் படித்தபின் நான் எழுதியவை யாவும் சற்று மெலிந்து தெரிந்தன.

பட்டியல் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஒன்பது நாள்கள் காலியாக உள்ளன. காசி மலைகள், சோட்டா நாக்பூர், கொங்கணம், காஷ்மீர் என எப்பகுதியில் களப்பணி செய்பவரானாலும், பெயரை அன்றி ஒரு விதியையோ ஒரு பொழுதையோ ஒரு வாக்கையோ எழுதி அனுப்புங்கள். அதை உங்களுக்குச் சொன்னவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த நாள் காலியாகவே இருக்கட்டும். 31 நாளும் நிரம்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இம்முறை எனக்கு இல்லை.